‘இனம்’ என்ற கட்டத்தில் என் மகள் எதை எழுத வேண்டும்?

பதிவு 1. எழுவான்கரை, ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறவள் நான். இன்று முதல் முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன். கோபத்தோடுதான் தொடங்குகிறேன்.

என் மகளுக்குப் பதினாறு வயது. ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருவரும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் பெயர், முகவரி, மதம், அதற்குக் கீழே இனம். அந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்த தமிழ்ப் பெண். என் கணவர் பக்கத்து டச்பாரில் பிறந்த பறங்கியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர். மாமனார் தச்சுத் தொழிலாளி. இந்த நகரத்தின் பழைய வீடுகள் பலவற்றின் கதவு நிலைகள் அவர் கைவேலை. மாமியார் வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுவார், படலையைத் தாண்டினால் தமிழ் பேசுவார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் டச்பாருக்குள் வந்தபோது அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவரோடு எங்கள் வீட்டிலிருந்து அந்த மொழியும் போய்விட்டது. என் கணவருக்குக் கேட்டால் விளங்கும், பேச வராது. மகளுக்கு அதுவும் இல்லை.

எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார். “என்ன யோசனை?” என்று கேட்டார். சொன்னோம். “பறங்கியரா? இப்போது யார் அப்படி எழுதுகிறார்கள்? வீட்டில் பேசுவது தமிழ்தானே, இலங்கைத் தமிழர் என்று போடுங்கள், வேலை முடிந்துவிடும்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மகள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “என் அப்பா உயிரோடு இருக்கிறார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் என்ன எழுத வேண்டும்? உண்மையாகவே கேட்கிறேன்.

பதிவு 2. காலிமுகத்திடல்22, ஞாயிறு இரவு 9.40

அக்கா, அந்தக் கட்டத்தையே எல்லாப் படிவங்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். உங்கள் மகள் ‘இலங்கையர்’ என்று எழுதட்டும்.

நான் ஆரையம்பதியைச் சேர்ந்தவன். 2022இல் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், அரசுக்கு எதிரான காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றேன். நோன்பு மாதத்தில் அந்தத் திடலில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை அதே இடத்தில் நினைவுகூர்ந்தார்கள். கூட்டத்தில் சிங்களப் பிள்ளைகளும் நின்றார்கள். அதற்கு முன் கொழும்பில் அப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அங்கே ஒருவரும் என்னிடம் இனம் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு வேண்டிய நாடு அதுதான்.

பதிவு 3. நிந்தவூரான், ஞாயிறு இரவு 11.05

தம்பி, நீங்கள் அங்கே நின்றதை நான் மதிக்கிறேன். என் மருமகனும் நின்றான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில், ‘இலங்கையர்’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கலாம் என்பதை இந்த நாடு எத்தனை தடவை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்தச் சட்டத்தால் ஒரே எழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றார்கள். அதே வருடம் இங்கே கல்லோயாவில் மனிதர்களை வெட்டிக் கொன்றார்கள். 1972இன் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதியது. 1978இன் அரசியலமைப்பு தமிழையும் தேசிய மொழி என்றது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஆக, நான் பிறந்த நாளில் என் மொழிக்கு இந்த நாட்டில் இருந்த இடம் வேறு, பள்ளிக்கூடம் போன நாளில் இருந்த இடம் வேறு, ஆசிரியர் நியமனக் கடிதம் வாங்கிய நாளில் இருந்த இடம் வேறு. கொடியில்கூடப் பாருங்கள். சிங்கம் ஒரு பக்கம் நிற்கிறது. முஸ்லிம்களான எங்களுக்குப் பச்சையில் ஒரு கோடு, தமிழரான உங்களுக்குச் செம்மஞ்சளில் ஒரு கோடு, இரண்டும் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே.

எங்கள் பெயரின் கதை இன்னும் நீளமானது. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் எனப்படும் நாங்கள் இனத்தால் தமிழரே, மதம் மட்டுமே வேறு என்று ஒரு கட்டுரை வாசித்தார். சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு இருந்த காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். இருபது வருடம் கழித்தும் மறுக்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு தமிழரசுக் கட்சி மேடைகளில் நாங்கள் ‘தமிழ் பேசும் மக்கள்’ ஆனோம். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியபோது ‘முஸ்லிம்’ என்பதே எங்கள் அரசியல் பெயர் ஆனது. என் பிறப்புச் சான்றிதழில் இன்றும் ‘இலங்கைச் சோனகர்’ என்றே இருக்கிறது. நான் கனவு காண்பது தமிழில்.

கட்டத்தை எடுத்துவிடலாம் என்கிறீர்கள். நுரைச்சோலையைக் கேளுங்கள். சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். ஒரே மதத்தாருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். நாடு தழுவிய இன விகிதத்தின்படி பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கடல் அடித்தது இந்தக் கரையை. இங்கே வீடிழந்தவனுக்கு வீடு கொடுக்க நாட்டின் மொத்த விகிதம் எதற்கு? வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. சுவருக்குள் மரம் முளைத்தது. அம்பாறை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் சுமார் 39 வீதம், தமிழர் சுமார் 17 வீதம். இந்த எண்கள் கையில் இருப்பதால்தான் அநியாயம் நடந்தது என்று இன்று என்னால் பேச முடிகிறது. கட்டத்தை அழித்தால் எண்ணும் அழியும். எண் அழிந்தால், “எல்லோரும் இலங்கையர்தானே, உங்களுக்கு மட்டும் என்ன குறை?” என்பார்கள்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நீட்டிவிட்டேன். மகள் ‘பறங்கியர்’ என்று எழுதட்டும். அந்த எண்ணில் ஒன்று கூடட்டும்.

பதிவு 4. பசறைப்பேத்தி, திங்கள் காலை 6.20

நிந்தவூரான் சேர் ‘நாடற்றவர்கள்’ என்று எழுதிய வரியில் என் தாத்தா இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

1964இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தாத்தாவின் அண்ணன் கப்பலில் போனார். தாத்தா பசறையில் இருந்தார். 1977 கலவரத்தில் லயத்தை எரித்தார்கள். ஒரு பெட்டியும் மூன்று பிள்ளைகளுமாக மட்டக்களப்புக்கு வந்து, படுவான்கரையில் ஒருவரின் வயலில் கூலிக்கு நின்றார். அங்கே அவரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் தமிழர்கள்தான். இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

என் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. நான் இந்தியாவைப் பார்த்ததில்லை. 2023இல் மலையகத்துக்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த நடையில் நானும் இரண்டு நாட்கள் நடந்தேன். ‘மலையகத் தமிழர்’ என்று எங்கள் பெயரை நாங்களே சொல்லிக்கொண்டு நடந்தபோது, ஒரு முதியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். “என் பாட்டி இந்த வழியில் வெறுங்காலோடு வந்தாள்” என்றார்.

அக்கா, மகளின் பெயரை அவளே வைக்கட்டும். அலுவலகம் வைக்க வேண்டாம்.

பதிவு 5. காலிமுகத்திடல்22, திங்கள் காலை 8.02

பசறைப்பேத்தி அக்கா எழுதியதை வாசித்துவிட்டுப் பஸ்ஸில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். சேர், நுரைச்சோலை பற்றி எனக்குத் தெரியும், ஆனால் இப்படி யோசித்ததில்லை.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். எங்கள் பாடசாலையில் தினமும் தமிழில் பாடுகிற அதே பாட்டுத்தான். தொலைக்காட்சியில் அதைக் கேட்டதும் அப்பா கதிரையை விட்டு எழுந்து நின்றார். அவர் எந்தக் கீதத்துக்கும் வீட்டில் எழுந்து நின்றவர் இல்லை. தம்பியைப் போரில் இழந்தவர். 2020இல் அந்தத் தமிழ்க் கீதத்தை அரச விழாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். 2016இல் அவர் எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடம் பொய்யா, சேர்? அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் ‘இலங்கையர்’ என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 6. நிந்தவூரான், திங்கள் காலை 8.30

பொய் இல்லை மகன். உங்கள் வாப்பா தமிழில் கேட்டதால்தான் எழுந்து நின்றார். நான் சொல்வதும் அதுதான்.

பதிவு 7. வாகரை ஆசிரியை, திங்கள் இரவு 8.15

நேற்று முதல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அரசாங்கம் நமக்குச் செய்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாம் செய்வதைப் பற்றி நான் பேசுகிறேன். பசறைப்பேத்தி தொடங்கிவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறேன்.

நான் வாகரைப் பகுதியில் படிப்பிக்கிறேன். பனிச்சங்கேணி, கதிரவெளி, மாங்கேணிப் பக்கம் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள். கடலிலும் களப்பிலும் மீன் பிடிப்பார்கள், காட்டில் தேன் எடுப்பார்கள், சேனைப் பயிர் செய்வார்கள். பேசுவது தமிழ். கோவில் சடங்கில் தங்கள் மூதாதையரையும் தெய்வங்களையும் அழைக்கும்போது அவர்கள் பாடுவதில், தமிழ் மட்டும் தெரிந்த எனக்கு விளங்காத சொற்கள் வரும். நாட்டில் ‘வேடர்’ என்றால் தம்பானையைக் காட்டுவார்கள், தோளில் கோடரியோடு நிற்கும் பெரியவரைக் காட்டுவார்கள். தமிழ் பேசும் வேடர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

என் வகுப்பில் ஒரு முறை, உங்கள் ஊரின் பழைய கதையை எழுதி வாருங்கள் என்று சொன்னேன். ஒரு பையன் அருமையாக எழுதியிருந்தான். தாத்தா தேன் எடுக்கப் போகும் முன் காட்டிடம் அனுமதி கேட்பது, எடுத்ததில் முதல் பங்கை வைத்துவிட்டு வருவது என்று எல்லாம் இருந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். அது நான் செய்த பிழை. பின்வரிசையிலிருந்து “வேடன்” என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. பையன் தாளைக் கசக்கினான். “நாங்கள் வேடர் இல்லை மிஸ், தமிழர்” என்றான். அடுத்த நாள் அவனுடைய அம்மா வந்து அதையே சொன்னார். என்னிடம் கெஞ்சுவதைப் போலச் சொன்னார். “பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம், எழுத வேண்டாம்” என்றார்.

பழைய குடிசனக் கணக்கெடுப்புகளில் வேடருக்குத் தனி வரிசை இருந்தது. பின்னர் அது ‘ஏனையோர்’ என்பதற்குள் போனது. அரசு அவர்களை ‘ஏனையோர்’ ஆக்கியது என்று நான் மேடையில் பேசலாம். ஆனால் அந்தத் தாளைக் கசக்க வைத்தவர்கள் அரசாங்கம் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றில் எழுபதுக்கு மேல் தமிழர். கொழும்பிலிருந்து பார்த்தால் நாம் சிறுபான்மை. வாகரையில் நின்று பார்த்தால் நாம் பெரும்பான்மை, பெரும்பான்மை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் நடந்துகொள்கிறோம். “வீட்டில் பேசுவது தமிழ்தானே, தமிழர் என்று போடுங்கள்” என்று அந்த எழுதுவினைஞர் சொன்னது எனக்கு எங்கோ கேட்ட வசனமாக இருந்தது. 1888இல் நிந்தவூரான் சேரின் முன்னோருக்கு ஒரு பெரிய மனிதர் சொன்னதும் இதே வசனந்தான்.

பதிவு 8. பாண்டிருப்பு, திங்கள் இரவு 10.48

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பெரும்பான்மையாக நடந்துகொள்வது தமிழர் மட்டுந்தானா? கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்தோடு தாருங்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்? 2019இல் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். யார் தடுக்கிறார்கள்? அம்பாறைக் கரையோரத்தில் தமிழர் தங்கள் சொந்த ஊரிலேயே சிறுபான்மை. இங்கே எங்கள் கதவை அடைப்பவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1990இல் அம்பாறை மாவட்டத்தில் தமிழ்க் கிராமங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

பதிவு 9. நிந்தவூரான், திங்கள் இரவு 11.10

1990 பற்றிப் பேச வேண்டுமென்றால் காத்தான்குடியிலிருந்து தொடங்குங்கள். ஆகஸ்ட் 3, இஷா தொழுகை. சுஜூதில் இருந்தவர்களின் முதுகில் புலிகள் சுட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். என் மைத்துனியின் குடும்பம் ஏறாவூர்.

பதிவு 10. பாண்டிருப்பு, திங்கள் இரவு 11.16

செப்டெம்பர் 5 வந்தாறுமூலை. பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை இராணுவத்தினர் கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். குழந்தைகளையும் விடவில்லை. என் பெரியம்மா சத்துருக்கொண்டானில் வாழ்க்கைப்பட்டவர்.

பதிவு 11. மட்டுறுத்துநர், திங்கள் இரவு 11.31

இருவரையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பதிவுகளும் அப்படியே இருக்கும், நீக்கப் போவதில்லை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கல்முனைச் செயலகம் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இந்த இழை ஒரு பெண்பிள்ளையின் படிவம் பற்றியது.

பதிவு 12. நிந்தவூரான், செவ்வாய் காலை 5.50

சுபஹ் தொழுதுவிட்டு எழுதுகிறேன். பாண்டிருப்புத் தம்பி, உங்கள் பெரியம்மாவைப் பற்றி நேற்று வாசித்தவுடன் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. அவர் பிழைத்தாரா?

செயலக விடயத்தில் எங்கள் அரசியல்வாதிகள் நடந்துகொள்ளும் விதம் எனக்கும் உடன்பாடு இல்லை. அதை அந்த இழையில் என் பெயரிலேயே எழுதுகிறேன்.

பதிவு 13. பாண்டிருப்பு, செவ்வாய் காலை 7.05

இல்லை சேர். கேட்டதற்கு நன்றி. உங்கள் மைத்துனி குடும்பம்?

பதிவு 14. நிந்தவூரான், செவ்வாய் காலை 7.09

மைத்துனி இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் இல்லை.

பதிவு 15. மெல்பேர்ன் பாடுமீன், செவ்வாய் பகல் 12.40

இந்த இழையை ஓர் உறவினர் அனுப்பினார். நான் டச்பாரில் பிறந்த பறங்கியர். இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன். தமிழில் எழுதி நாளாகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956க்குப் பிறகு கொழும்புப் பறங்கியர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் ஆங்கிலம் பேசிய உத்தியோகத்தர்கள். மட்டக்களப்பில் நாங்கள் தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்துத் தைப்பவர். எங்களிடம் கப்பல் காசு இல்லை. அதனால் அங்கேயே இருந்தோம், அதனால்தான் அந்த மொழியும் அங்கே இருந்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் போய் முந்நூற்றி எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கிரியோல் எங்கள் குசினியில் கேட்டது. அதை எந்தப் பள்ளியும் படிப்பிக்கவில்லை. கலியாண வீடுகளில் வயலின் எடுத்துக் கஃபிரிஞ்ஞா ஆடும்போதுதான் இளையவர்களின் வாயில் அந்த மொழி வரும்.

அந்த எழுதுவினைஞருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள், மருமகளே. அவர் உட்கார்ந்திருக்கும் கதிரை, எதிரில் இருக்கும் மேசை, படிவங்களை வைத்துப் பூட்டும் அலுமாரி, அதன் சாவி, காலில் போட்டிருக்கும் சப்பாத்து, காலையில் சாப்பிட்ட பாண் என்று அத்தனையும் எங்கள் பாட்டன் மொழியிலிருந்து அவர் தமிழுக்குள் வந்தவை. அந்தச் சொற்களை அவர் தன்னுடையவையாக வைத்துக்கொள்ளட்டும், அதில் எங்களுக்குப் பெருமை. சொற்களைக் கொண்டுவந்த மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மாமியாரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெயரை இங்கே கேட்கவில்லை. தனிமடலில் எழுதுங்கள்.

பதிவு 16. அக்கரைப்பற்றுத் தாதி, செவ்வாய் பிற்பகல் 3.25

அளிக்கம்பையை ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்களுக்கு மிக அருகில்தான் அந்தக் கிராமம். வனக்குறவர் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு காலத்தில் பாம்போடும் குரங்கோடும் ஊர் ஊராக நடந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கும்பிடுவது கத்தோலிக்கக் கோவிலில். கிளினிக்குக்கு வரும் தாய்மார் பிள்ளையை அதட்டும்போது மட்டும் தெலுங்கு வரும். அவர்களின் இனத்தைப் பதியும்போது நானும் இத்தனை நாளாகக் கேட்காமலே ‘தமிழர்’ என்று எழுதியிருக்கிறேன். ஆசிரியை எழுதியதை வாசித்த பிறகு கை நின்றுவிட்டது. இன்று ஒரு தாயிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஏன் கேட்கிறீர்கள்?” என்றார். பயந்துதான் கேட்டார்.

பதிவு 17. படுவான்கரை, செவ்வாய் இரவு 9.00

எழுவான்கரை அக்கா, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிறவன். சட்டம், அரசியலமைப்பு எல்லாம் சேர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது குடிவழி.

இங்கே ஒருவரை யார் என்று அறிய வேண்டுமானால் எங்கள் பெரியவர்கள் கேட்கும் கேள்வி, “நீ என்ன குடி?” என்பது. குடி தாய் வழியில் வரும். நான் அம்மாவின் குடி, என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்ய மாட்டோம். வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். கோவிலில் வண்ணக்கர் பொறுப்பும், திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்பதும் இந்த ஒழுங்கில்தான் நடக்கும். அம்பாறைக் கரையில் முஸ்லிம்களுக்கும் இதே முறை இருக்கிறது. அவர்களுக்கும் தாய்வழிக் குடி, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர். இதை யாரும் யாருக்கும் திணிக்கவில்லை. ஒரே மண்ணில் இருந்ததால் வந்தது. நிந்தவூரான் சேர் தன் குடியை அறிவார் என்று நம்புகிறேன்.

பறங்கியர் என்பது அப்படி இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது தந்தை வழி. அப்பா பறங்கியர் என்றால் பிள்ளை பறங்கியர்.

அப்படியென்றால் உங்கள் மகளுக்கு என்ன சிக்கல்? அம்மாவிடமிருந்து குடி வருகிறது. அப்பாவிடமிருந்து பறங்கியர் என்ற பெயர் வருகிறது. ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்று எங்கள் வழக்கம் சொல்லவில்லை. ஒரே கட்டம் அடித்து, அதற்குள் ஒரே சொல் எழுத வேண்டும் என்று சொன்னது படிவந்தான். அவள் இரண்டையும் எழுதட்டும்.

பதிவு 18. நிந்தவூரான், செவ்வாய் இரவு 9.22

அறிவேன் தம்பி. உம்மாவின் குடி. உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன்.

ஞாயிறு இரவு நான் ‘பறங்கியர்’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். எண்ணிக்கை முக்கியம் என்று நான் சொன்னது சரிதான், ஆனால் எண்ணிக்கைக்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து கழிக்கச் சொன்னேன். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயரை எழுத இடம் கொடுத்தாலும் எண்ண முடியும். எண்ணுகிறவர்களுக்கு வேலை கூடும், அவ்வளவுதான். காலிமுகத்திடல் தம்பிக்கும் இதில் இடம் இருக்கிறது. மூன்றாவதாக ‘இலங்கையர்’ என்று எழுதுங்கள் மகன், நானும் எழுதுவேன். முதல் இரண்டையும் அழித்துவிட்டு எழுதச் சொன்னால்தான் எனக்குக் கை வராது.

இன்னும் ஒன்று. கொரோனாக் காலத்தில் எங்கள் மையித்துகளை எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் புதைக்க விட்டார்கள், அதுவும் நாடு முழுவதற்கும் ஒரே இடம், ஓட்டமாவடி மஜ்மா நகர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமில்லை, எரிக்க விரும்பாத மற்றக் குடும்பங்களும் அங்கேதான் கொண்டுவந்து அடக்கினார்கள். போன மாதம் ஒரு நண்பரின் கபுறைத் தேடிப் போனேன். எல்லாம் ஒரே மாதிரியான மேடுகள், எண் போட்ட அடையாளங்கள். நண்பரின் எண்ணைத் தேடி ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். பக்கத்து மேட்டில் இருப்பவர் யார் என்று எண்ணைப் பார்த்து எனக்குச் சொல்ல முடியவில்லை. நண்பருக்கு ஓதிய பிறகு அவருக்கும் சேர்த்து ஓதிவிட்டு வந்தேன்.

பதிவு 19. வாகரை ஆசிரியை, புதன் இரவு 7.45

படுவான்கரைத் தம்பி எழுதியதை அந்தப் பையனின் அம்மாவிடம் இன்று வாசித்துக் காட்டினேன். அவரை எதுவும் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் கேட்டார்: “அப்படியென்றால் எங்கள் சடங்கும் இருக்கலாம், தமிழும் இருக்கலாம் என்கிறாரா?” “ஆம்” என்றேன். “அவருக்கு எந்த ஊர்?” என்று கேட்டார்.

பதிவு 20. எழுவான்கரை, வெள்ளி இரவு 8.50

எல்லோருடைய பதிவையும் மகளும் கணவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தோம். பாடுமீன் மாமா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் நினைத்தவர்தான்.

இன்று காலை மூவரும் போனோம். கட்டத்துக்குள் இடம் போதாமல், மகள் சிறிய எழுத்தில் ‘பறங்கியர், இலங்கைத் தமிழர்’ என்று எழுதியிருந்தாள். அதே எழுதுவினைஞர்தான் இருந்தார். கணினியில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. மகள், “தாளில் இரண்டும் இருக்கட்டும் சேர்” என்றாள். கணவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நல்ல முதிரை மரம், யார் செய்தது?” என்று கேட்டார். எழுதுவினைஞருக்குத் தெரியவில்லை. பழைய மேசை, தான் வந்த நாளிலிருந்து இருக்கிறது என்றார். பிறகு முத்திரை குத்தித் தாளைக் கோப்பில் வைத்தார்.

கணினியில் எதைத் தெரிவு செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போய்க் கேட்கப் போவதாக மகள் சொல்கிறாள்.